வாசலைக் காத்தோம், வீட்டை மறந்தோம்

உயிலங்குளம் என்னும் எங்கள் ஊர், மன்னாரிலிருந்து மதவாச்சிக்குச் செல்லும் பெருவீதியில் அமைந்த ஒரு சிறு கிராமம். வயல், குளம், கோயில், பாடசாலை, வீதியோரத்தில் சில கடைகள். இவையே அதன் சொத்து. பேருந்தில் விரைந்து செல்பவர் அதனைக் கண்டுகொள்ளாமலே கடந்துவிடலாம். எனினும், இந்த ஊரின் பெயர் செய்தித்தாள்களில் அடிக்கடி அடிபட்ட காலமொன்று இருந்தது. போர் நடந்த ஆண்டுகளில், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டிலிருந்த மன்னாருக்கும் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டிலிருந்த வன்னிக்கும் இடைப்பட்ட வாசல்களுள் ஒன்று உயிலங்குளத்தில் இருந்தது. 2002ஆம் ஆண்டின் போர்நிறுத்த உடன்படிக்கைக்குப் பின்னர் ஓமந்தை, முகமாலை ஆகியவற்றோடு சேர்த்து எண்ணப்பட்ட வாசல் அது. இந்தப் புறத்தார் அடையாள அட்டை கேட்டனர். அந்தப் புறத்தார் 'பாஸ்' கேட்டனர். வன்னியிலிருந்து வெளியேற விரும்பிய ஒருவர், தமக்குப் பிணையாக இன்னொருவரை நிறுத்திவிட்டுச் செல்ல வேண்டியிருந்த காலமும் உண்டு.

அந்த வாசலின் அருகே வாழ்ந்தவன் என்ற முறையில் நான் கற்றுக்கொண்ட பாடம் ஒன்றுண்டு. வாசல் மனிதனைத் தாமதப்படுத்தும், தங்கவைக்காது. போக வேண்டும் என்று மனம் முடிவு செய்துவிட்டால், கால் எப்படியும் ஒரு வழியைக் கண்டுபிடித்துவிடும். கற்ற இளைஞர்கள் நாட்டைவிட்டு வெளியேறுவதைப் பற்றியும், அதனைத் தடுக்கவோ ஊக்கவோ அரசாங்கங்கள் வகுத்த கொள்கைகளைப் பற்றியும் சிந்திக்கும்போதெல்லாம் எனக்கு அந்த வாசலே நினைவுக்கு வருகின்றது.

சிந்திக்க வேண்டிய நிலைமை எனக்கு அடிக்கடி நேர்கின்றது. ஆசிரியத் தொழிலிலிருந்து ஓய்வு பெற்ற நான் இப்பகுதியின் சமாதான நீதவான்களுள் ஒருவன். சான்றிதழ்ப் பிரதிகளை மூலத்தோடு ஒப்பிட்டுக் கையொப்பமிட்டு முத்திரை குத்துவது எனது பணிகளுள் ஒன்று. முன்னெல்லாம் இப்பிரதிகள் ஆசிரிய நியமனத்துக்கும் எழுதுவினைஞர் பரீட்சைக்கும் போயின. இப்பொழுது அவற்றிற் பெரும்பாலானவை வெளிநாட்டுக்குப் போகின்றன. எந்த வீட்டுப் பிள்ளை புறப்படப் போகின்றது என்பதை, அயலவர் அறிய முன்னர் நான் அறிந்துவிடுகின்றேன்.

கடந்த மாதம் ஒரு மாலைப்பொழுதில் என்னிடம் பயின்ற மாணவன் ஒருவன் வந்தான். தகப்பனார் கட்டுக்கரைக்குளத்து நீரை நம்பி நெல் விளைவிப்பவர். பையன் பொறியியற் பட்டதாரி. நீர்ப்பாசனத்தைச் சிறப்பாகப் படித்தவன். பட்டம் பெற்று ஒன்றரை ஆண்டு ஆகியும், தான் விண்ணப்பித்த அலுவலகமொன்றிலிருந்து 'கிடைத்தது' என்ற ஒரு வரிப் பதில்கூட வரவில்லை என்றான். மேசைமேல் எட்டுப் பிரதிகளை அடுக்கிவைத்தான்.

"தம்பி, எங்கட குளத்தைப் பார்க்க ஆள் வேண்டாமோ?" என்று கேட்டுவிட்டேன்.

அவன் கோபிக்கவில்லை. "சேர், ஆள் வேணும் எண்டு நீங்கள் சொல்லுறியள். சொல்ல வேண்டிய ஆக்கள் சொல்லேல்லையே" என்றான்.

நான் எட்டுப் பிரதிகளிலும் கையொப்பமிட்டேன். அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. அந்தப் பையனுடைய விடையில் ஒரு நாட்டின் எழுபதாண்டுக் கொள்கை வரலாறே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றியது.

பூட்டிய காலமும் திறந்த காலமும்

கற்றோர் வெளியேறுவது இந்த நாட்டுக்குப் புதிதன்று. 1956ஆம் ஆண்டில் சிங்களம் மட்டும் ஆட்சிமொழியாகச் சட்டமாக்கப்பட்டபோது, ஆங்கிலம் கற்ற பறங்கியர் பலர் அவுஸ்திரேலியாவுக்குக் கப்பலேறினர். தமிழ் உத்தியோகத்தர் பலரும், தமது பிள்ளைகளின் எதிர்காலம் இங்கே இல்லை என்று அப்பொழுதே கணக்கிடத் தொடங்கினர். அறிவாளர் வெளியேற்றம் அன்று வறிய நாடுகளுக்கு மட்டும் உரிய நோயாக இருக்கவில்லை. பிரித்தானிய விஞ்ஞானிகள் அமெரிக்காவுக்குச் செல்வதைப் பற்றி இலண்டன் ரோயல் சொசைட்டி 1963ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையை ஒட்டியே 'மூளைசாலிகள் வெளியேற்றம்' என்ற தொடர் உலகெங்கும் பரவிற்று.

நமது அரசாங்கம் கண்ட முதல் மருந்து கட்டாயம். 1961ஆம் ஆண்டின் 70ஆம் இலக்கக் கட்டாயப் பொதுச் சேவைச் சட்டம், பல்கலைக்கழகப் பட்டம் பெறுவோர் குறிப்பிட்ட காலம் அரசாங்க சேவையில் இருக்க வேண்டும் என்று விதிக்க வழிசெய்தது. அதே 1961ஆம் ஆண்டில்தான், தன் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் மேற்கே ஓடுவதைப் பொறுக்கமாட்டாத கிழக்கு ஜேர்மனி பெர்லின் நகரின் நடுவே மதில் எழுப்பியது. நம்முடையது காகித மதில், அவ்வளவே வேறுபாடு.

பத்தாண்டு கழித்து, 1971ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டம் கடவுச்சீட்டையும் வெளியேறும் அனுமதியையும் ஒழுங்குபடுத்த வந்தது. 1974ஆம் ஆண்டில், தொழில்நுட்ப, உயர்தொழில், கல்வித் தகைமை பெற்றோர் நாட்டைவிட்டு நீங்குவதைப் பற்றி ஆராய்ந்த அமைச்சரவைக் குழுவொன்றின் அறிக்கை வெளியாயிற்று. வெளிநாட்டு நாணயமோ இறுக்கிப் பிடிக்கப்பட்டிருந்தது. இத்தனைக்கும் பிறகு வைத்தியரும் பொறியியலாளரும் கணக்காளரும் போகாமல் இருந்தனரா? போய்க்கொண்டேயிருந்தனர். சோவியத் ஒன்றியமும் 1972ஆம் ஆண்டில், வெளியேறும் கற்றோர் தமது கல்விச் செலவைக் கட்டிவிட்டுப் போக வேண்டுமென்று ஒரு வரியை விதித்துப் பார்த்தது. உலகின் கண்டனத்துக்குப் பின் அடுத்த ஆண்டே அதனைக் கைவிட்டது.

1977ஆம் ஆண்டில் ஆட்சி மாறியது, பொருளாதாரம் திறந்துவிடப்பட்டது, வாசலும் திறந்தது. 1985ஆம் ஆண்டின் சட்டமொன்றினால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் நிறுவப்பட்டது. முன்னர் குற்றம்போலக் கருதப்பட்ட வெளியேற்றம் இப்பொழுது வருமானமாகக் கணக்கிடப்பட்டது. 2022ஆம் ஆண்டில் நாடு வங்குரோத்து நிலையை அடைந்தபோது இந்த மாற்றம் அதன் உச்சத்தை எட்டியது. அவ்வாண்டின் 14ஆம் இலக்கப் பொது நிர்வாகச் சுற்றறிக்கை, அரசாங்க உத்தியோகத்தர் ஐந்தாண்டு வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்லலாம் என்றும், அதனால் அவர்களுடைய சேவை மூப்புக்கோ ஓய்வூதியத்துக்கோ பாதகம் வராது என்றும் கூறிற்று. 1961ஆம் ஆண்டில் 'போகாதே' என்று சட்டம் செய்த அதே அரசாங்க இயந்திரம், 2022ஆம் ஆண்டில் 'தயவு செய்து போ' என்று சுற்றறிக்கை அனுப்பியது! அந்த ஓராண்டில் மட்டும் ஒன்பது இலட்சத்துக்கும் அதிகமான கடவுச்சீட்டுகள் வழங்கப்பட்டன. பணியகத்தில் பதிவு செய்துகொண்டு வேலைக்குச் சென்றோர் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர்.

பூட்டியவர்களும் திறந்தவர்களும் அரசியலில் எதிரெதிரானவர்கள். ஆயினும் இருசாராரும் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டுதான் நின்றனர். அவர்கள் கண்ணிற் பட்டது வாசல் ஒன்றே. வாசலுக்கு உள்ளே இருக்கும் வீட்டை எவரும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வீட்டில் இந்தப் பிள்ளைக்கு ஓர் அறை உண்டா, ஒரு வேலை உண்டா, அவன் மொழியில் அவனோடு பேசுவார் உண்டா என்று எவரும் கேட்கவில்லை.

உயிருக்கு அஞ்சிப் போனவர்கள்

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். தமிழ் மக்களைப் பொறுத்தவரையில், வெளியேற்றம் என்பது பெரும்பாலும் சம்பளக் கணக்கினால் விளைந்ததன்று. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தின் பின்னர் கனடாவுக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றவர்களைப் பார்த்து, 'இலவசக் கல்வி தந்த நாட்டுக்கு நன்றி மறந்தாயே' என்று சொல்லும் உரிமை எவருக்கும் இல்லை. 1990ஆம் ஆண்டில் எங்கள் கரையிலிருந்து படகேறி இராமேசுவரத்தை அடைந்து மண்டபம் முகாமிற் பதிவு செய்துகொண்ட குடும்பங்களில் ஆசிரியர்களும் மாணவர்களும் இருந்தனர். அதே ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் விடுதலைப் புலிகள் வடக்கிலிருந்து முஸ்லிம் மக்களை வெளியேற்றியபோது, எருக்கலம்பிட்டி முதலிய மன்னார்க் கிராமங்கள் தம் ஆசிரியரையும் மாணவரையும் சில நாள்களிலேயே இழந்தன. அவர்களைப் போகச் சொன்னவர்கள் தமிழர்களே என்பதை நாம் மறைக்கலாகாது. அச்சமே அரசாளும் இடத்தில் கொள்கை பேசுவது வீண்.

ஆனால் போர் 2009ஆம் ஆண்டில் முடிந்தது. தலைமன்னாருக்கு ஓடிய புகையிரதம் 2015ஆம் ஆண்டில் மீண்டும் ஓடத் தொடங்கியது. அதன் பின்னரும் பிள்ளைகள் போகின்றார்கள் என்றால், அதற்குப் போரை மட்டும் காரணம் காட்டித் தப்பித்துக்கொள்ள முடியாது.

அன்று போனவர்களும் இன்று போகிறவர்களும்

'வெளியேறினால் என்ன? கடல் கடந்து சென்றதால்தானே தமிழன் உயர்ந்தான்?' என்று கேட்பாருமுளர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் முதன்முதலாகப் பட்டம் வழங்கியபோது அதனைப் பெற்றவர்கள் இருவரும் யாழ்ப்பாணத்தார். அவ்விருவருள் ஒருவரான சி. வை. தாமோதரம்பிள்ளை சென்னையிலேயே வாழ்க்கையை அமைத்துக்கொண்டார். அவர் யாழ்ப்பாணத்திலேயே ஓர் உத்தியோகத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருந்தால், 1887ஆம் ஆண்டில் கலித்தொகை அச்சேறியிருக்குமோ என்பது ஐயமே. அவர் நமக்கு ஓர் இழப்பா? தமிழ் கூறும் நல்லுலகம் முழுவதற்கும் கிடைத்த பேறு அல்லவா?

அவரை அடுத்து ஒரு பரம்பரை மலாயாவுக்குச் சென்றது. புகையிரத நிலையங்களிலும் கந்தோர்களிலும் வேலை செய்து, முதுமையில் ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பிய 'மலாயன் பென்சனியர்' கட்டிய வீடுகளும் அவர்கள் கைகொடுத்த பாடசாலைகளும் யாழ்ப்பாணத்தில் இன்றும் உண்டு. 1914ஆம் ஆண்டு தொடங்கிய தலைமன்னார் – தனுஷ்கோடிக் கப்பற் சேவை, எங்கள் பகுதியினூடாகவே மாணவர்களைச் சென்னைக்கும் அண்ணாமலைநகருக்கும் ஏற்றிச் சென்றது. அதே கப்பல் அவர்களை ஆசிரியர்களாகத் திருப்பிக் கொண்டுவந்தும் விட்டது. 1964ஆம் ஆண்டுப் புயல் தனுஷ்கோடியை அழித்த பின்னரும், இராமேசுவரத்திலிருந்து அச்சேவை எண்பதுகள் வரை நடந்தது.

அன்றைய பிரிவுக்கும் இன்றைய பிரிவுக்கும் உள்ள வேற்றுமை இதுவே. அன்று போனவனுக்குத் திரும்பும் வழியும், திரும்பினால் அமரும் இடமும் இருந்தன. தமிழ் இலக்கணமே இதனை அறிந்திருந்தது. தொல்காப்பியர் பிரிவுக்கு உரிய காரணங்களுள் ஓதலை, அதாவது கல்வியை, ஒன்றாக வைத்தார். அதோடு நின்றாரில்லை. கல்வியின் பொருட்டுப் பிரிந்திருக்கும் காலம் மூன்று ஆண்டைக் கடத்தலாகாது என்று கற்பியலில் எல்லையும் வகுத்தார். போகாதே என்று அவர் சொல்லவில்லை. பிரிவு பிரிவாகவே இருக்க வேண்டும், இழப்பாக மாறிவிடக் கூடாது என்பதே அவ்விதியின் உட்கிடை. நமது அரசாங்கங்கள் செய்த சட்டங்களில் இந்த எண்ணம் எங்கேனும் உண்டா? புறப்படுவதற்கு ஆயிரம் படிவம் உண்டு. திரும்புவதற்கு ஒரு படிவம் உண்டா?

யாருக்கு இழப்பு?

'வெளிநாட்டிலிருந்து பணம் வருகிறதே' என்பது அடுத்த வாதம். 2023ஆம் ஆண்டில் ஏறத்தாழ அறுநூறு கோடி டொலர் இந்நாட்டுக்கு வந்தது உண்மை. ஆனால் அப்பணத்தின் பெரும் பங்கு, மேற்காசியாவின் வெயிலிலும் பிறர் வீட்டுச் சமையலறைகளிலும் உழைக்கும் எளிய ஆண் பெண்களின் வியர்வை. மனைவி மக்களோடு மெல்பேணிலும் ரொறொன்ரோவிலும் குடியேறும் பட்டதாரி அங்கேதான் வீடு வாங்குவான். அங்கேதான் பிள்ளைகளைப் படிப்பிப்பான். பெற்றோர் உள்ளவரை பணம் வரும். அவர்களுக்குப் பின் வாழ்த்து மட்டுமே வரும். இதனைக் குறையாகச் சொல்லவில்லை. என்னுடைய மூத்த மகளும் பத்தாண்டுகளாக அங்கேதான் இருக்கின்றாள். ஆதலால் இந்தக் கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

பணம் ஈடுசெய்ய முடியாத இழப்பு வேறொன்று உண்டு. அதனை மன்னாரில் நின்று பார்த்தால்தான் விளங்கும்.

1902ஆம் ஆண்டில் லிவர்பூலிலிருந்து பேராசிரியர் ஹேர்ட்மன் என்பவர் மன்னார் வளைகுடாவுக்கு வந்து முத்துச்சிப்பிகளை ஆராய்ந்து, பின்னர் பல பாகங்களாக அறிக்கை எழுதினார். எங்கள் கடலைப் பற்றி அறிந்துகொள்ள எங்களுக்கு அன்று ஒரு பிரித்தானியர் தேவைப்பட்டார், அது அடிமைக்காலம். 2020ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மன்னார்த் தீவின் தென்கரையில் முப்பது காற்றாலைகளோடு 'தம்பபவனி' மின்நிலையம் திறக்கப்பட்டது. பின்னர் அதானி நிறுவனம் இன்னும் பெரிய திட்டத்தோடு வந்தது. 2025ஆம் ஆண்டு பெப்ரவரியில் விலகிக்கொண்டது. இதற்கிடையில் பறவைகளின் வழித்தடம் என்ன ஆகும், மழைவெள்ளம் எப்படி வடியும், மீனவரின் கரை என்ன ஆகும் என்று மக்கள் கேட்டனர், வீதியிலும் இறங்கினர். காற்றாலை வேண்டும் என்போரும் வேண்டாம் என்போரும் அறிக்கைகளை நீட்டுகின்றனர். அந்த அறிக்கைகளைப் படித்து, 'இது சரி, இது பிழை' என்று மீனவனுக்கு அவன் மொழியில் சொல்ல எங்களுக்குள் எத்தனை பேர் இருக்கின்றார்கள்?

படித்தவன் ஓர் ஊருக்கு வேண்டியிருப்பது உத்தியோகக் கதிரையை நிரப்புவதற்காக மட்டுமன்று. அந்த வேலையைச் செய்ய ஒருவரைக் கொழும்பிலிருந்து அனுப்பிவைக்கலாம். ஆனால் ஊரின் சார்பில் யோசிப்பதற்கும், ஊரின் சார்பில் மறுத்துப் பேசுவதற்கும், ஊரவர் பிழை விட்டால் ஊரவரையே கடிந்துகொள்வதற்கும் அந்த ஊரிற் பிறந்து படித்த சிலர் அங்கேயே இருக்க வேண்டும். அவர்கள் இல்லாத ஊரைப் பற்றிய தீர்மானங்களை மற்றவர்களே செய்வார்கள். எங்கள் காற்றையும் கடலையும் குளத்தையும் பற்றிய தீர்மானங்கள் இன்று அப்படித்தான் நடைபெறுகின்றன. இதுவே நான் அஞ்சும் இழப்பு.

கதிரையை வைத்துவிட்டு அழையுங்கள்

அப்படியாயின் என்ன செய்வது? பிணைமுறி எழுதிவாங்குவதா? பல்கலைக்கழகத்தின் இளம் விரிவுரையாளர்கள் மேற்படிப்புக்குச் செல்லும்போது பிணைமுறி எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் செல்கின்றார்கள். திரும்பாதவர்களுக்காகப் பிணை நின்ற சகோதரனும் நண்பனும் பணம் கட்டிய கதைகளைக் கேட்டிருக்கின்றோம். வன்னியின் பிணைமுறைக்கும் இதற்கும் தத்துவத்தில் அதிக தூரம் இல்லை. எந்த நாட்டையும், தன் சொந்த நாட்டையும், விட்டுச் செல்லவும் திரும்பி வரவும் மனிதனுக்கு உரிமை உண்டு என்று 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் பதின்மூன்றாம் உறுப்புரையிற் கூறுகின்றது. அந்த வாசகத்தில் முதற்பாதியைப் பற்றியே நாம் எழுபதாண்டுகளாகச் சண்டையிட்டு வந்திருக்கின்றோம். 'திரும்பி வர' என்ற பிற்பாதிதான் கொள்கை வகுப்போருக்கு உரிய இடம்.

தென்கொரியா அந்தப் பிற்பாதியைப் பற்றிக்கொண்டது. அன்று அது செல்வ நாடன்று. போரினால் நொந்த நாடு. 1966ஆம் ஆண்டில் விஞ்ஞான, தொழில்நுட்ப ஆய்வு நிலையமொன்றை நிறுவி, அமெரிக்காவிலிருந்த தன் விஞ்ஞானிகளுக்கு வீடும் மேலான சம்பளமும் ஆராய்ச்சிச் சுதந்திரமும் தருவதாகச் சொல்லி அழைத்தது. தாய்வான் 1980ஆம் ஆண்டில் சின்சூ நகரில் விஞ்ஞானப் பூங்காவை அமைத்தது. அந்நாடுகள் கதிரையை வைத்துவிட்டுப் பின்னர் ஆளை அழைத்தன. நாமோ கதிரையும் வைக்காமல், நிற்பவனின் காலைப் பிடிக்கின்றோம். அல்லது முதுகிற் கைவைத்துத் தள்ளுகின்றோம்.

மன்னாருக்கு இது எவ்வாறு பொருந்தும்? பல்கலைக்கழக அனுமதியில் 1971ஆம் ஆண்டு தொடங்கிய தரப்படுத்தலும், 1974ஆம் ஆண்டில் வந்த மாவட்ட ஒதுக்கீடும் யாழ்ப்பாணத்து இளைஞரின் உள்ளத்தில் ஆறாத புண்ணை ஏற்படுத்தின. ஆனால் அதே மாவட்ட முறைதான் மன்னார் போன்ற பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழகத்தின் கதவைத் திறந்தது என்பதையும் நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். இன்று நூற்றுக்கு நாற்பது இடம் அகில இலங்கைத் திறமைக்கும், ஐம்பத்தைந்து மாவட்டங்களுக்கும், ஐந்து கல்வியிற் பின்தங்கிய பதினாறு மாவட்டங்களுக்கும் உரியன. அந்தப் பதினாறில் மன்னாரும் உண்டு. காலத்தின் கோலம், யாழ்ப்பாணமும் உண்டு!

இந்த ஏற்பாட்டின் நோக்கம் என்ன? மன்னார்ப் பிள்ளை வைத்தியனானால் மன்னார் நோயாளிக்கு வைத்தியம் கிடைக்கும் என்பதுதானே? ஆனால் கொள்கை பாதிவழியில் நின்றுவிட்டது. பின்தங்கிய மாவட்டத்தின் பெயரால் பிள்ளையை வெளியே எடுக்கின்றார்கள். பட்டம் பெற்ற பிள்ளையை அந்த மாவட்டம் ஏற்றுக்கொள்வதற்கு எந்த ஏற்பாடும் இல்லை. அதன் விளைவு, மாவட்டம் பின்தங்கியபடியே இருக்கின்றது. பின்தங்கியிருப்பதால் அடுத்த ஆண்டும் ஒதுக்கீடு கிடைக்கின்றது!

ஆகையால் என் முதல் யோசனை: மாவட்ட ஒதுக்கீட்டிற் பல்கலைக்கழகம் புகும் ஒவ்வொருவருக்கும், பட்டம் பெறும் நாளில், சொந்த மாவட்டத்தில் ஒரு பணியிடத்தைக் கோரும் உரிமை இருக்க வேண்டும். அது கடமையாக இருத்தல் வேண்டாம், உரிமையாக இருக்கட்டும். வேண்டாம் என்பவர் போகட்டும். வேண்டும் என்பவர் ஒன்றரை ஆண்டு பதிலுக்குக் காத்திருக்கும் அவலம் ஒழியட்டும். கிராமத்துக்கு வருகின்ற வைத்தியருக்கும் ஆசிரியருக்கும் குடியிருக்கத் தக்க வீடு இருக்கட்டும். அலுவலகக் கடிதம் தமிழில் வரட்டும்.

இரண்டாவது, 2022ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையைப் போலத் திரும்பி வருவோருக்கும் ஒரு சுற்றறிக்கை வேண்டும். வெளிநாட்டில் ஒருவர் ஐந்தாண்டோ பத்தாண்டோ பெற்ற அனுபவம் இங்கே சேவைக்காலமாகவும் சம்பளப் படியாகவும் எண்ணப்பட வேண்டும். இன்று நாற்பது வயதில் திரும்பி வருபவர், தம் மாணவனுக்குக் கீழே புதியவராகச் சேர வேண்டியிருக்கின்றது. மானமுள்ளவர் எவர் வருவார்?

மூன்றாவது, முழுமையாகத் திரும்ப இயலாதோரின் பருவ வருகைக்கும் இடமிருக்க வேண்டும். வவுனியா வளாகம் 2021ஆம் ஆண்டில் தனிப் பல்கலைக்கழகமாயிற்று. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974ஆம் ஆண்டு முதல் இருக்கின்றது. ஆண்டில் மூன்று மாதம் வந்து கற்பிக்க விரும்பும் புலம்பெயர்ந்த அறிஞர், விருந்தாளியாக மாலை சூட்டப்பட்டுத் திருப்பியனுப்பப்படாமல், பொறுப்புள்ள ஆசிரியராக ஏற்கப்பட வேண்டும். இரட்டைக் குடியுரிமை 1987ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் இடம்பெற்றது. 2011ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 2015ஆம் ஆண்டில் மீண்டது. திரும்பி வர எண்ணுபவன் இத்தகைய தடுமாற்றத்தை நம்பி வீடு கட்டுவானா? உறுதியான கொள்கையே அவனுக்கு முதலாவது அழைப்பிதழ்.

இவற்றுக்கெல்லாம் பணம் எங்கே என்று கேட்கலாம். ஒரு வைத்தியரை உருவாக்கப் பல ஆண்டு செலவழித்துவிட்டு, அவரை இன்னொரு நாட்டுக்கு இலவசமாகக் கொடுத்துவிடப் பணம் இருக்கிறதல்லவா? அதில் ஒரு பகுதி போதும். உலக சுகாதார நிறுவனம் 2010ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட நடைமுறைக் கோவை, வறிய நாடுகளின் சுகாதார ஊழியரைச் செல்வ நாடுகள் வாரிச் செல்வது முறையன்று என்று எடுத்துரைக்கின்றது. அதனைக் காட்டி நம் பங்கைக் கேட்கவும் நமக்கு வாய் இருக்க வேண்டும்.

பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். நாம் மாத்திரம் குற்றமற்றவர்களா? 'நல்லாய்ப் படி, படிச்சால் வெளியிலை போகலாம்' என்று எத்தனை வகுப்பறைகளில் நானே சொல்லியிருக்கின்றேன்! ஊரில் தங்கிய கெட்டிக்காரப் பிள்ளையைத் தோற்றுப்போனவன் என்று பார்க்கும் பார்வையை எந்த அரசாங்கமும் நமக்குச் சட்டம் போட்டுக் கற்பிக்கவில்லை. அதனை நாமேதான் மாற்ற வேண்டும்.

2022ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில், போர் இல்லாத காலத்திலும் எங்கள் கரையிலிருந்து மீண்டும் படகுகள் தனுஷ்கோடியை நோக்கிச் சென்றன. கைக்குழந்தையோடு போனார்கள். அவர்கள் எந்தச் சான்றிதழிலும் என்னிடம் கையொப்பம் கேட்கவில்லை. கற்றவன் விமானத்திற் போகின்றான்; கல்லாதவன் படகிற் போகின்றான். வீடு ஒன்றுதான்.

அந்தப் பொறியியலாளனுக்கு நான் கையொப்பத்தை மறுத்திருக்க முடியாது. இனியும் எவருக்கும் மறுக்கமாட்டேன். உயிலங்குளத்தில் ஒருகாலத்தில் வாசற்காவல் பார்த்தவர்களின் வரிசையிற் சேர எனக்கு விருப்பமில்லை. ஆனால் ஓர் ஆசை உண்டு. ஏதேனும் ஒரு நாள், பிறநாட்டுப் பல்கலைக்கழகத்தின் சான்றிதழ் ஒன்றைக் கையிலெடுத்துக்கொண்டு அவன் என் வீட்டுப் படலையைத் திறக்க வேண்டும். "சேர், இதைப் பிரதி பண்ணிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ, இங்கை வேலைக்குப் போடவேணும்" என்று கேட்க வேண்டும். முத்திரையை நான் பத்திரமாகவே வைத்திருக்கின்றேன். அந்த விண்ணப்பத்தைப் பெற்றுக்கொள்ள ஓர் இடத்தை ஆயத்தம் செய்வதே அரசாங்கத்தின் வேலை.